நாம வாங்குற மீன் நல்ல மீனா?



போன மாதம் எண்ணூர் பக்கம் நடந்த குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார்: "மேடம், சாயங்காலம் கானாங்கெளுத்தி மலிவா கெடச்சுது. நல்லா கொதிக்க வெச்சுதான் சாப்பிட்டோம். அப்படியும் பிள்ளைக்கு முகமெல்லாம் செவந்து, அரிப்பு எடுத்து, வாந்தி வந்துடுச்சு. ஏன்?"

அங்கே மீன் விற்கும் சகோதரிகளும் இருந்தார்கள். "எங்க பொழப்பே இதுதான், எங்க மீனை குறை சொல்லிடாதீங்க" என்றார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

காரணம் என்ன?

கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் கிருமிகள் பெருகி 'ஹிஸ்டமின்' என்ற பொருளை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அது போகாது. சில சமயம் கெட்ட வாடைகூட தெரியாது. ஆக, குறை மீனில் இல்லை, ஐஸ் வைக்காததில்தான். இப்படி ஆனால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

பார்த்து வாங்குவது எப்படி?

1. கண் தெளிவாக, புடைத்து இருக்கணும். குழி விழுந்து வெளுத்திருந்தால் பழைய மீன்.
2. செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்கணும்.
3. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வரணும்.
4. கடல் வாசனை அடிக்கலாம். அழுகிய வாடை, மருந்து வாடை கூடாது.
5. இறாலின் தலை ஒட்டி இருக்கணும், கறுத்திருக்கக் கூடாது.

எந்த ஊர் மீன் என்று கேளுங்கள்

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் புது மீன் கிடைக்கும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது கரையோரம் பிடிக்கும் சிறு படகு மீன் கிடைக்கும். கேரளா போன்ற வெளி மாநிலங்களிலிருந்து ஐஸில் வரும் மீனும் இருக்கும். "எங்கேருந்து வந்தது, எப்ப வந்தது?" என்று கேட்பதில் தப்பில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் கலந்தது நமக்குத் தெரியும். எண்ணெய் வாடை அடிக்கும் இறால், நண்டு, மடவை எதையும் வாங்காதீர்கள். கழுவினாலும் போகாது. அதற்காக கடல் மீனையே ஒதுக்க வேண்டாம்.

விலையும் சத்தும்

வஞ்சிரம்தான் சத்து என்று நினைக்காதீர்கள். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். மத்தியும் சத்தில் குறைந்ததில்லை. இரண்டும் குறைந்த விலை.

விற்கும் சகோதரிகளுக்கு

ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போடுங்கள். மூடியுள்ள ஐஸ் பெட்டி வாங்க குழுவில் உள்கடன் கேட்கலாம். கூடை நிழலில் இருக்கட்டும். நம்பி வாங்குகிறவர்தான் நாளைக்கும் வருவார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் படித்துக் காட்டி, உங்கள் அனுபவத்தையும் பேசுங்கள்.