விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். விளையாட்டிலும் அப்படித்தானா? ஓரளவுக்கு மட்டுமே உண்மை. அந்த அளவைப் பெற்றோர்களாகிய நீங்கள் தெரிந்துகொள்வது அவசியம். "நீ தேறமாட்டாய்" என்று எட்டு வயதில் ஒதுக்கப்பட்ட பிள்ளை, பிறகு திடல் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் போகலாம் அல்லவா?

1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவின் எம். ஜெகதீசன் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அதே போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் எம். ராஜாமணி தங்கம் பெற்றார். ஆகவே, "பெண் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று தடுத்துவிடாதீர்கள்.

பிள்ளைகளின் கை, கால், கண் எவ்வளவு ஒத்து இயங்குகின்றன என்று அறிய, 1974-இல் ஜெர்மானிய அறிஞர்களான கிப்ஹார்டும் ஷில்லிங்கும் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். அதில் நான்கு பகுதிகள் உண்டு: குறுகிய கட்டையின் மேல் பின்னோக்கி நடத்தல், ஒற்றைக் காலால் தாண்டுதல், இரு கால்களையும் சேர்த்துப் பக்கவாட்டில் குதித்தல், இரண்டு பலகைகளை மாற்றி மாற்றி வைத்து நகர்தல்.

இவற்றுள் எளிதானதை வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். தரையில் ஒரு கோடு போடுங்கள். 15 வினாடிகளில் பிள்ளை அதன் இரு பக்கமும் எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்து, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தாண்டுகிறது என்று அளந்து பாருங்கள். பிறகு 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, நான்கு முறை ஓடவிட்டு நேரம் பாருங்கள். வெறும் வயிற்றோடு ஓடவிட வேண்டாம்.

ஆனால், ஒரு நாள் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சோதனை காட்டுவது இன்றைய திறனைத்தான். நாளைய வளர்ச்சியை அல்ல. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் நம் பள்ளிகளில் ஒரே வகுப்பில்தான் படிக்கிறார்கள். ஏழு வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது சிறிய விஷயமா? கனடாவின் பனி ஹாக்கிக் குழுக்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருந்ததை 1985-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசி மாதங்களில் பிறந்தவர்களுக்குத் திறமை குறைவு என்பதல்ல காரணம். தேர்வு நாளில் அவர்கள் உருவத்தில் சிறியவர்களாக இருந்ததே முக்கியக் காரணம். பருவ வளர்ச்சியும் அப்படியே; சிலருக்கு முந்தும், சிலருக்குப் பிந்தும்.

ஆகையால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளை பிறந்த மாதத்தை எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே சோதனைகளை நடத்திக் கணக்கைக் குறியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையின் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். பயிற்சியால் வேகமாக முன்னேறுகிற பிள்ளையும் கவனிக்கத்தக்க பிள்ளையே. அந்த நோட்டை உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டுங்கள்.

பத்து வயது வரை ஒரே விளையாட்டில் கட்டிப்போடாமல் ஓடட்டும், குதிக்கட்டும், பந்து எறியட்டும், நீந்தவும் பழகட்டும். முளை சிறியது என்பதற்காகத் தண்ணீர் ஊற்றாமல் இருப்போமா?