மார்கழியும் கடற்கரையும்

தமிழகத்தைச் சுற்றிவரும் பயணிகள் பலர், சென்னைக் கடற்கரையில் தம் பயணத்தை முடிக்கின்றனர். மலைகளும் கோயில்களும் கண்டு களைத்துவரும் அவர்களுக்கு இந்நகரம் மூன்று விருந்துகளை அளிக்கின்றது. செவிக்கு இசை, நாவிற்கு உணவு, கண்ணுக்குக் கடல் என்பன அவை. மார்கழித் திங்களில் வருவோர்க்கு இம்மூன்றும் ஒருங்கே கிடைக்கும்.

அவ்வாறு வருவோர் தங்குதற்கு ஏற்ற இடங்களுள் மேற்கு மாம்பலமும் ஒன்று. அங்குள்ள கோதண்டராமர் கோயிலில், மார்கழி வைகறையில் பாவைப் பாடல்கள் ஒலிக்கும். இருப்புப் பாதையைக் கடந்து கிழக்கே சென்றால் தியாகராய நகர். அங்கும் மயிலாப்பூரிலும் இசைச் சபைகள் பல உள்ளன.

இவ்விசை விழா தோன்றியது எவ்வாறு? 1927 ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிற் கூடிய காங்கிரசு மாநாட்டை ஒட்டி, அகில இந்திய இசை மாநாடும் நடைபெற்றது. அதன் பயனாக 1928 இல் மியூசிக் அகாடமி தோன்றியது. ஆண்டுதோறும் டிசம்பரில் இசை விழா நடத்தும் வழக்கமும் வேரூன்றியது. ஆயினும், அக்காலக் கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே மிகுந்திருந்தன. தமிழ்ப் பாடல்கள் இறுதியிற் சிறிது நேரமே இடம்பெற்றன. பாட்டின் பொருள் விளங்காதபோது, கேட்போர் அதன் முழு இன்பத்தையும் பெறுதல் கூடுமோ? இவ்வினாவிலிருந்தே தமிழிசை இயக்கம் எழுந்தது. இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முதலியோரின் முயற்சியால், 1943 இல் தமிழிசைச் சங்கம் நிறுவப்பெற்றது. இன்று பல சபைகளில் பகற் கச்சேரிகளைக் கட்டணமின்றியே கேட்கலாம்.

சபைகளின் சிற்றுண்டிச் சாலைகளும் புகழ் பெற்றவை. மிளகு மணக்கும் வெண்பொங்கல், அடையும் அவியலும், நுரை ததும்பும் காபி ஆகியவற்றை நாடியே வருவோரும் உளர்!

மாலையில் மெரினாக் கடற்கரை மக்களை அழைக்கும். தேங்காயும் மாங்காயும் கலந்த பட்டாணிச் சுண்டலை உண்டவாறே அனைவரும் மணலில் அமர்ந்திருப்பர். அங்கு வாயிலும் இல்லை, கட்டணமும் இல்லை. 1884 இல் ஆளுநர் கிராண்ட் டப் இக்கரைக்கு மெரினா எனப் பெயரிட்டார். ஆனால், இப்பரந்த மணற்பரப்பு முன்னர் இருந்ததன்று. அலைகள் மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கொண்டு செல்கின்றன. 1875 இல் தொடங்கிய துறைமுகப் பணியில் எழுந்த சுவர்கள் அதனைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வரவு குன்றவே, கடல் கரையை அரித்தது. ஒரு கரை பெற்றதை மற்றொரு கரை இழந்தது.

கடலின் அழகில் மயங்கி அதன் ஆற்றலை மறத்தல் ஆகாது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெண்ணிற நினைவுச் சின்னம் ஒன்று நிற்கின்றது. 1930 டிசம்பரில், நீரில் தத்தளித்தோரைக் காக்கச் சென்று உயிர் நீத்த டென்மார்க்கு நாட்டவர் ஷ்மிட்டின் நினைவாக எழுந்தது அது. 2004 டிசம்பர் 26 அன்று, இசை விழா நடைபெற்று வந்த நாளிலேயே, ஆழிப்பேரலை இக்கரைகளைத் தாக்கிப் பலரை மாய்த்தது.

ஆதலின், இசையை அமைதியுடன் கேட்டல் வேண்டும். உணவை அளவுடன் உண்ணல் வேண்டும். கடலை விழிப்புடன் அணுகல் வேண்டும். கரையைத் தூய்மையாக விட்டுச் செல்வதும் நம் கடமையே. நாளை வருவோர்க்கும் அக்கரை உரியதன்றோ?