காடும் காணி உத்தரவும்

மடத்துவெளியிற் பிறந்தார்க்குப் பனையும் பற்றையும் கடலுமே கண்ட காட்சி. பெருங்காடென்பது கேள்விப்பட்ட பொருளே. எனினும், மரந்தறித்தற்கு உத்தரவு வேண்டுமென்பதை எம்மூரார் நன்கறிவர். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியன தம் சொந்த வளவில் நின்றாலும் உத்தரவின்றித் தறித்தலை 1951ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. ஒரு மரத்திற்கே இத்துணைக் காவலெனின், ஒரு காட்டை வயலாகவும் குடியிருப்பாகவும் மாற்றுதற்குரிய காவல் யாது? அதனைச் சுருங்க விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரிகாலன் காடு திருத்தி ஊர்களாக்கிக் குளங்கள் அமைத்ததைப் பட்டினப்பாலை புகழ்ந்து பேசும். அக்காலத்தில் காடு திருத்தல் அரசர்க்குரிய அறம். ஆங்கிலேயர் ஆட்சியிலோ காடு அரசர்க்குரிய உடைமையாயிற்று. காடுகளும், தரிசும், ஆளற்ற நிலமும் முடிக்குரியனவென்றே கொள்ளப்படும் என 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. தம்முடையதென உரிமை பேசுவோரே அதனை நிரூபித்தல் வேண்டும். நிரூபிக்கும் சுமை குடிகள் தலையில் ஏறியமையே இச்சட்டத்தின் உயிர்நிலை.

பின்னர், 1927இல் அமைந்த காணி ஆணைக்குழுவின் ஆலோசனைவழி 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் நிலமற்றோர்க்கு நிபந்தனையுடன் உத்தரவுப்பத்திரம் வழங்கப்பட்டது. இரணைமடுக் குளத்தின் கீழும் வன்னியின் பிற பகுதிகளிலும் காடு வெட்டிக் குடியேறிய யாழ்ப்பாணத்தார் பலர் இவ்வழி வந்தோரே. உறுதி வேறு, உத்தரவு வேறு என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். உறுதியுடையோன் நிலத்தின் சொந்தக்காரன். உத்தரவுடையோன் நிபந்தனை பிழைத்தால் நிலத்தை இழக்கக்கூடியவன்.

காட்டைக் காக்கும் சட்டமும் உடன் வளர்ந்தது. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் ஒதுக்குக் காடுகளை வகுத்தது. தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 1993இல் வெளியான வர்த்தமானி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயனுக்கு மாற்றுமுன் சுற்றாடல் பாதிப்பை ஆராய்ந்து அங்கீகாரம் பெறல் வேண்டுமென்றது. யாழ்ப்பாணக் கணக்கில் அஃது ஏறக்குறைய 40 பரப்பு. குளத்தின் மேற்புறக் காட்டை வெட்டினால் மண் கரைந்து குளம் தூரும். குளம் தூர்ந்தால் கீழுள்ள வயல் பாழாகும். ஆதலின் இத்தடை உழவனுக்குப் பகையன்று.

இனி, உத்தரவு அளிப்பவர் யார்? ஒதுக்கப்படாத ஏனைய அரச காடுகளை 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது. 2020இல் அச்சுற்றறிக்கை நீக்கப்பட்டு, அதிகாரம் மாவட்ட, பிரதேச செயலாளரிடம் மீண்டது. சேனைப் பயிர்ச்செய்கையாளர்க்கு இது நன்மையென்றார் ஒருசாரார். காட்டுக்குக் கேடென்றார் மற்றொருசாரார். சுற்றாடல் ஆர்வலர் நீதிமன்றத்தை நாடினர்.

நம்மவரை நேரே தாக்கும் இடர் மற்றொன்றுண்டு. 1991இல் தீவகம் விட்டு நீங்கினோரின் வளவுகளில் இன்று நாயுருவியும் ஈச்சும் செறிந்துள்ளன. அவற்றைக் காடென எவரும் கூறார், உறுதி உண்டு. வன்னியிலோ உத்தரவுப்பத்திரமும் போரில் தொலைந்தது. வயலிற் பற்றை மூடிற்று. ஆளில்லாக் காலத்தே வளர்ந்த மரமே உரியவனுக்கு எதிர்ச்சாட்சியாயிற்று. 1990இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முசலிப் பகுதி முஸ்லிம் மக்கள் மீண்டபோது, மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளில் 2012இல் ஒதுக்குக் காடு பிரகடனமாயிற்று. மறுபுறம், வில்பத்துவை அடுத்த கல்லாற்று வனம் குடியேற்றத்தின்பொருட்டு வெட்டப்பட்டமை சட்டத்திற்கு முரணென 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் ஒருவரின் செலவில் மீண்டும் மரம் நாட்டப் பணித்தது. வீடிழந்தோரின் துயரும் மெய். வனத்தின் இழப்பும் மெய்.

ஆகவே, தொல்வனத்தையும், ஊர் கலைந்தமையால் மூடிய பற்றையையும் ஒரே பெயரால் அழைத்தல் நீதியாகாது. கைவிடப்பட்ட கிணறும், இடிந்த கோயிலும், பழைய குளக்கட்டும், பங்கீட்டு அட்டையும் சான்றாகக் கொள்ளப்படல் வேண்டும். நம்மவரும் உத்தரவுப்பத்திரங்களைப் பேணிப் பிரதியெடுத்து வைத்தலும், எல்லை குறிக்கும் அறிவித்தல் வெளியாகும்போதே முறையீடு செய்தலும் கடன். எழுத்தறியா முதியோர்க்கு வர்த்தமானியை வாசித்துப் பொருள் கூறுதல், கல்லூரியிற் கற்ற இளைஞர் தம் ஊருக்கு ஆற்றக்கூடிய எளிய தொண்டாகும்.