வைத்தியனின் மனச்சாட்சியும் தொழிலாளரின் சந்தாப்பணமும்

வைத்தியத்துறையைப் பொருளாகக் கொண்ட நாவலொன்று வாசகர் வட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும்போது, விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே நிகழ்வதை அவதானிக்கிறோம்: கதாநாயகனான வைத்தியன் நேர்மையானவனா, தடம் புரண்டவனா? இவ்வொழுக்கவியற் கேள்வி போதாது என்பதை ஏ. ஜே. குறோனினின் ‘சிற்றடல்’ (1937) என்னும் ஆங்கில நாவலைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

நாவலின் நாயகன் மான்சன் வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரொன்றிற்கு உதவி வைத்தியனாக வருகின்றான். நச்சுக்காய்ச்சலைப் பரப்பும் பழுதடைந்த கழிவுநீர்க் கால்வாயை அதிகாரிகள் திருத்தாததால், நண்பனுடன் சேர்ந்து அதனை வெடிவைத்துத் தகர்க்கின்றான். பின்னர், சுரங்கத் தூசி நுரையீரலைச் சிதைக்கும் விதத்தை ஆராய்கின்றான். இலண்டனிலோ செல்வர்களின் கற்பனை நோய்களுக்கு ஊசியேற்றிப் பணம் சேர்க்கின்றான். திறமையற்ற சத்திரசிகிச்சையாளன் ஒருவனின் கையில் ஏழை நோயாளி மாண்டபின்னரே அவனது மனச்சாட்சி விழிக்கின்றது.

நோய்க்கும் உழைப்பின் நிலைமைகளுக்குமுள்ள உறவை இந்நாவல் உறுதியாகக் காட்டுகின்றது. 1924 இல் சுரங்கங்களின் வைத்தியப் பரிசோதகராக நியமிக்கப்பட்ட குறோனின், தாம் நேரிற் கண்டதையே எழுதினார். ஆயின் நாவல் முன்வைக்கும் தீர்வு யாது? நல்லெண்ணங்கொண்ட மூன்று வைத்தியர்கள் கூடி நடத்தும் சிகிச்சை நிலையம். தொழிலாளரின் வைத்திய உதவிச் சங்கமோ, குறுகிய மனப்பான்மையும் சச்சரவும் நிறைந்த இடமாகவே பெரிதும் சித்திரிக்கப்படுகின்றது.

இவ்விடத்தில் வரலாறு நாவலை மறுத்துரைக்கின்றது. குறோனின் பணியாற்றிய திறெடீகர் நகரில், தொழிலாளர் தம் கூலியிலிருந்து செலுத்திய சந்தாப்பணத்தைக் கொண்டே வைத்திய உதவிச் சங்கம் இயங்கியது. அங்கத்தவர்களும் குடும்பத்தினரும் நோயுற்ற வேளையிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றனர். அந்நகரிற் பிறந்து, பதின்மூன்றாம் வயதிற் சுரங்கத்துள் இறங்கிய அனைரின் பெவன், சுகாதார அமைச்சராகி, 1948 யூலை 5 ஆம் திகதி தேசிய சுகாதார சேவையைத் தொடக்கிவைத்தார். அச்சேவைக்குச் சங்கத்தின் அனுபவம் ஒரு முன்மாதிரியாயிற்று.

‘சிற்றடல்’ அச்சேவைக்கு வழிகோலியது எனப் பலர் கூறுவர். மக்களின் சினத்தை அது கூர்மைப்படுத்தியது என்பதை நாமும் ஏற்கிறோம். எனினும், சினத்துக்கு அமைப்புருவம் தந்தது தொழிலாளரின் கூட்டு முயற்சியே. சங்கத்தின் குறைகளை ஆசிரியர் கற்பனை செய்தார் என நாம் கூறவில்லை. அக்குறைகளுக்கு நடுவே உருவாகிக்கொண்டிருந்த புதிய சமூக உறவை அவரது நடுத்தரவர்க்க நோக்கு இனங்காணவில்லை என்கிறோம். அதேவேளை, படைப்பாளியின் கருத்தையும் மீறி யதார்த்தம் வெளிப்படலாம் என்று பல்சாக் குறித்து 1888 இல் எங்கெல்ஸ் எழுதியது இங்கும் பொருந்தும். தாம் ஏளனஞ் செய்த சங்கத்தைக் குறோனின் நாவலிலிருந்து நீக்கிவிடவில்லை. அதனாலேயே நம்மால் அதனை மீளவாசிக்க முடிகின்றது.

இந்நாவலை வெளியிட்ட விக்டர் கொலாங்ஸ், முந்திய ஆண்டிலேயே இடதுசாரி நூற் கழகத்தைத் தொடங்கியிருந்தார். கழகத்தின் நூல்களை விவாதிப்பதற்கென வாசகர் குழுக்கள் பல ஊர்களில் எழுந்தன. கூடி வாசித்தல் சமூக நடைமுறையின் ஒரு கூறு என்பதை அக்குழுக்கள் உணர்ந்திருந்தன. நமது வட்டங்களும் மான்சனின் மனமாற்றத்தைப் பாராட்டுவதுடன் அமையாது, அவனது சம்பளத்தை யார் செலுத்தினர், சிகிச்சை பற்றிய முடிவை யார் எடுத்தனர் என்னும் கேள்விகளுடன் நாவலை மீண்டும் முதற்பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும்.