காரணம் தெரியாத ஷாக்: டிரிப் ஏற்றும் முன்

புனேயிலிருந்து போர் வழியாக வரந்தா மலைப்பாதை இறங்கினால் மஹாட். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் செந்தேள் கொட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை பிழைக்கவில்லை. உடம்பு வியர்த்துக் கொட்டும், கைகால் சில்லிடும், நாடி விழும், கடைசியில் வாயில் நுரை தள்ளும்.

1970களில் அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த ஹிம்மத்ராவ் பவஸ்கர், நோயாளிகளின் கட்டிலருகிலேயே இருந்து கவனித்தார். விஷம் ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் களைத்துப்போக, நுரையீரலில் நீர் கோக்கிறது. இந்த நிலையில் சலைனைப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் மூச்சுதான் முட்டும். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பிரசோசின் மாத்திரை வந்தபின் சாவு சுமார் 1 சதவீதத்துக்கு இறங்கியது. புனே பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படித்த அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தோற்றம் ஒன்று, காரணம் பல

தேள் கொட்டியவர்களிடம் கண்டதுபோல, உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலைதான் ஷாக். வயிற்றுப்போக்கிலோ ரத்தக்கசிவிலோ உடம்பு வற்றியிருக்கலாம். மாரடைப்பில் இதயம் சோர்ந்திருக்கலாம். கிருமித் தொற்றிலோ ஒவ்வாமையிலோ குழாய்கள் தொய்ந்திருக்கலாம். நுரையீரல் குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். முதல் வகைக்கு டிரிப் உயிர் காக்கும். களைத்த இதயத்துக்கு அதுவே பாரம். ‘ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் போடுங்க டாக்டர்’ என்று கேட்கும் நம் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம்.

கேஷுவால்டியில்

காரணம் தெரியும்வரை சிகிச்சை காத்திருக்காது. ஆக்சிஜன், கையில் ஊசிக்குழாய், ஈசிஜி, சர்க்கரை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். டாக்டர் விரல் நுனியைப் பத்து வினாடி அழுத்தி விடுவார். வெளுத்த இடம் மூன்று வினாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதித்தால் பிபி சரியாகக் காட்டினாலும் ஆபத்துதான். தொற்று ஷாக்கின் தொடக்கத்தில் கை வெதுவெதுப்பாகவே இருந்து ஏமாற்றுவதும் உண்டு. பிறகு கட்டிலருகிலேயே ஸ்கேன்: இதயம் எப்படிச் சுருங்குகிறது, வயிற்றுப் பெருஞ்சிரை சப்பையாக இருக்கிறதா, வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். சராசரி ரத்த அழுத்தம் 65க்குக் கீழே நின்றால் அதை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைத் தொடங்குவார்கள். தொற்று ஷாக் என்ற சந்தேகம் இருந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக். ஒவ்வாமை என்றால் தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி, அதுவும் உடனே.

வீட்டார் சொல்ல வேண்டியது

பாதித் துப்பு கூட வந்தவர்களிடம்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் காய்ச்சல் விட்ட மறுநாள் ஆள் துவண்டால், அது டெங்குவில் நீர் கசியும் கட்டமாக இருக்கலாம். காய்ச்சல் எந்த நாளில் விட்டது என்று சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனதா, இளம்பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா, ஏதாவது கொட்டியதா, கடித்ததா? பிபி மாத்திரையைக் கூடுதலாக விழுங்கினாரா, பல நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினாரா? தெருமுனை கிளினிக்கில் போட்ட ஊசியையும் நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் அள்ளிப் போட்டுக் கொண்டு வாருங்கள்.

108ஐ அழைத்துவிட்டு, நோயாளியைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். நினைவு மங்கியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.