விரிவாக்க இறையியல் கல்வியில் தற்கற்றலும் வாரச் சந்திப்பும்

இறைப்பணியாளரை விடுதியில் தங்கவைத்துப் பயிற்றுவதே இறையியல் கல்லூரிகளின் நெடுங்கால மரபாகும். தத்தம் ஊர்ச் சபைகளை ஏற்கெனவே வழிநடத்திவந்த குடும்பத்தலைவர்கள் இதனால் முறையான பயிற்சி பெற இயலவில்லை. நகரில் பயின்ற இளைஞருள் பலர் சிற்றூருக்குத் திரும்பவுமில்லை. இச்சிக்கலை எதிர்கொண்ட குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி, ரால்ஃப் விண்டர், ஜேம்ஸ் எமெரி, ராஸ் கின்ஸ்லர் ஆகியோரின் முயற்சியால் 1963இல் விரிவாக்க இறையியல் கல்வியைத் தொடங்கியது. மாணவர் வீட்டிலிருந்தே பயின்றனர். ஆசிரியர் வாரந்தோறும் வட்டார மையங்களுக்குச் சென்று அவர்களைச் சந்தித்தனர்.

இதனை அஞ்சல்வழிக் கல்வியின் ஒரு வகையாகக் கருதுவது பொருந்தாது. டெட் வார்டு இம்முறையை மரச்சட்ட வேலிக்கு ஒப்பிட்டார். மேற்சட்டம் பாடநூலறிவு, கீழ்ச்சட்டம் சபைப்பணி அனுபவம், அவ்விரண்டையும் பிணைக்கும் வேலிக்கால்களே கலந்துரையாடல்கள். சந்திப்பு நேரத்தை ஆசிரியர் விரிவுரையால் நிரப்புவாராயின் இப்பிணைப்பு அற்றுப்போகும்.

பாடப்பொருளைக் கற்பிக்கும் பொறுப்பு இங்கு நூலைச் சார்ந்தது. சிறு கூறுகளாகப் பகுத்து, வினாவையும் உடனடி விடையையும் தரும் நிரல்வழிப் பாடநூல்கள் இதற்குப் பயன்பட்டன. அவ்வினாக்கள் நினைவாற்றலை மட்டும் அளக்குமிடத்து விவிலியப் பகுதியை ஆராயும் பயிற்சி நழுவிவிடுகிறது, இக்குறை சிறிதன்று. இந்தியாவில் இம்முறைக்கான சங்கம் 1971இல் உருவான பின்னர் மொழிச்சிக்கலும் சேர்ந்தது. ஆங்கிலத் தொடரமைப்பைச் சுமந்த பெயர்ப்பு வகுப்பறையில் ஆசிரியரின் விளக்கத்தால் தெளிவுறலாம். தனித்துப் பயில்வோர் அடுத்த சந்திப்புவரை அத்தொடரோடே போராட வேண்டியுள்ளது.