ஒரு சட்டி ஓரெக்கியெட்டேயின் வரவு செலவு

தென் இத்தாலியின் புலியாவில் நான்கு பேர் வயிறாரச் சாப்பிடும் ஒரு சட்டி ஓரெக்கியெட்டே என் கணக்கில் 8 யூரோ, தலைக்கு 2. குழிந்த சின்னப் பாஸ்தா அது. பெயருக்கே ‘குட்டிக் காதுகள்’ என்றுதான் பொருள். கூடவே சீமே தி ராப்பா என்ற கசப்புக் கீரையும் பன்றி இறைச்சி சாசேஜும். விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் கணக்குக்கு வசதியான எண்களை வைத்துக்கொள்கிறேன்.

முதலில் மாவு. டியூரம் கோதுமையை இருமுறை அரைத்த நைஸ் ரவை 400 கிராம், தண்ணீர் 200 மில்லி. முட்டை கிடையாது. ரவை கிலோ 1.50 யூரோ என்றால் ஆகும் செலவு 60 சென்ட். வயிற்றை நிரப்பும் சரக்கு இதுதான், மொத்தச் செலவில் அதன் பங்கோ 7.5 சதவீதம்.

ஆனால் இந்த 60 சென்டில் கூலி சேரவில்லை. 600 கிராம் மாவை விரல் பருமனுக்கு உருட்டி 1 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் ஒவ்வொன்றும் சுமார் 1 கிராம். ஆக 600 காதுகள். ஒவ்வொன்றையும் கத்தி முனையால் இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்துப் புரட்ட வேண்டும். புதுக் கை ஒன்றுக்கு 10 விநாடி எடுத்தால் 100 நிமிடம். தேர்ந்த கை 2 விநாடியில் முடித்தால் 20 நிமிடம். பாரி நகரத்துப் பழைய பகுதியில், ஆர்க்கோ பாஸ்ஸோ தெருவில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு இதுதான் பிழைப்பு. அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் காய்ந்த பாஸ்தா பாக்கெட் வாங்கலாம், தப்பில்லை. காய்ந்த பாஸ்தாவுக்கு டியூரம் கோதுமைதான் என்று 1967-லேயே இத்தாலி சட்டம் போட்டுவிட்டது.

கணக்கு உதைப்பது கீரையில்தான். 1 கிலோ வாங்கி, முற்றிய தண்டையும் பழுத்த இலையையும் கழித்தால் தேறுவது ஏறக்குறைய 500 கிராம். கிலோ 2.50 யூரோவுக்கு வாங்கியதாக நினைப்போம். சட்டியில் விழும்போது அது கிலோ 5 யூரோ. குப்பைக்குப் போகிற 1.25 யூரோ, ரவைக்குக் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு! தண்டின் தோலைச் சீவி, பொடியாக நறுக்கி 100 கிராமை மீட்டாலே விலை கிலோ 4.17-க்கு இறங்கிவிடும். குளிர்காலக் கீரை இது. பருவம் தப்பினால் சிலர் பசலையைப் போடுகிறார்கள். கசப்பில்லாத பசலை சாசேஜின் கொழுப்புக்கு ஈடு கொடுக்காது.

சாசேஜ் 300 கிராம், கிலோ 10 யூரோ வீதம் 3 யூரோ. சட்டியில் சேரும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, செலவில் 37.5 சதவீதம். தோலை உரித்து உதிர்த்து வதக்கினால் கொழுப்பு தானே உருகி வரும். ஆலிவ் எண்ணெய் 40 மில்லி போதும். அது 40 சென்ட். பூண்டும் காய்ந்த மிளகாயும் 20, பெகோரீனோ சீஸ் 40 கிராமுக்கு 80, உப்பும் எரிவாயுவும் 50.

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய வீடுகளின் வாய்பாடு. சாசேஜிலேயே உப்பு இருப்பதால் இங்கே லிட்டருக்கு 7 கிராம் போதும். கீரை முதலில் வெந்துகொண்டிருக்க, 5 நிமிடம் கழித்து அதே தண்ணீரில் பாஸ்தா விழும். ஒரே கொதி, ஒரே அடுப்பு. கீரையின் சாறும் வீணாகாது. வடிக்கும்முன் அரைக் கோப்பைத் தண்ணீரை எடுத்து வையுங்கள், சட்டியில் எல்லாவற்றையும் பிணைப்பது அதுதான்.

பாரியின் பழைய வழக்கத்தில் சாசேஜே இல்லை. உப்பில் ஊறிய நெத்திலி ஆறு துண்டு, 1 யூரோ என்று வையுங்கள். எண்ணெய் இரட்டிப்பாகும், 40 சென்ட் கூடும். சீஸுக்குப் பதில் பழைய ரொட்டித் தூளை வறுத்துத் தூவினால் மொத்தம் 5.60, தலைக்கு 1.40. சாசேஜ்தான் வேண்டும், கையில் காசும் குறைவு என்றால் 300 கிராமை 200 ஆக்குங்கள், 1 யூரோ மிஞ்சும். கீரையில் மட்டும் கை வைக்காதீர்கள்.